கையை நீட்டச் சொல்லும் சுற்றறிக்கை

டாக்டராகப் போகிறவனே ரத்தம் கொடுக்கத் தயங்கினால் ஊரில் வேறு யார் கொடுப்பார்கள்? ஜூன் 14-இல் உலக ரத்த தான தினம், அக்டோபர் 1-இல் தேசிய தன்னார்வ ரத்த தான தினம் என ஆண்டுக்கு இரண்டு முறையாவது இந்தக் கேள்வி மருத்துவக் கல்லூரி மேடைகளில் ஏறிவிடுகிறது. கேட்பவர் சிறப்பு விருந்தினர். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் வருகைப் பதிவுக்காக உட்காரவைக்கப்பட்ட முதலாண்டு மாணவர்கள். சில இடங்களில் கைதட்டலோடு விஷயம் முடிந்துவிடும். வேறு சில இடங்களில் அடுத்த வாரம் சுற்றறிக்கை வரும்: ஒவ்வொரு பேட்சிலிருந்தும் இத்தனை பேர் முகாமுக்கு வர வேண்டும், வந்தவருக்கு அட்டெண்டன்ஸ் உண்டு, வராதவர் காரணம் எழுதித் தர வேண்டும். சுற்றறிக்கை வராத கல்லூரியிலும் அதன் வாசகம் ஆசிரியர் வாயிலும் சீனியர் வாயிலும் புழங்கும்.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். மருத்துவ மாணவர்கள் இளைஞர்கள், பெரும்பாலும் ஆரோக்கியமானவர்கள். ரத்த வங்கி அவர்கள் படிக்கும் வளாகத்திலேயே இருக்கிறது. 350 மில்லி ரத்தம் எடுத்தால் இழந்த நீர் ஓரிரு நாளில் ஈடாகிவிடும், சிவப்பணுக்கள் சில வாரங்களில் ஊறிவிடும் என்பதை ஊரார் நம்பித்தான் ஆக வேண்டும். இவர்களோ அதைப் பாடமாகப் படித்துப் பரீட்சை எழுதியவர்கள். பிரசவத்தில் ரத்தப்போக்கு கண்ட பெண்ணையும், மூன்று வாரத்துக்கொரு முறை ரத்தம் ஏற்ற வரும் தலசீமியாக் குழந்தையையும் கண்ணெதிரே பார்ப்பவர்கள். அரசுக் கல்லூரியில் படிப்பவரின் செலவில் பெரும்பகுதியை மக்கள் சுமக்கிறார்கள். இவ்வளவு இருந்தும் கொடுப்பவர் குறைவென்றால், ஒன்று அவர்களுக்கு விழிப்புணர்வு போதவில்லை, அல்லது மனம் போதவில்லை. முதலாவதற்குச் சொற்பொழிவு, இரண்டாவதற்குக் கொஞ்சம் கட்டாயம். நல்ல காரியத்துக்குத்தானே, முதல் முறை இழுத்து வந்தால் அடுத்த முறை தானாக வருவார்கள்.

இந்தப் பேச்சில் அக்கறை இருக்கிறது. அடுக்கப்படும் தகவல்களில் பெரும்பாலானவை சரியானவையும்கூட. ஆனால் அந்தத் தகவல்களிலிருந்து அந்த முடிவுக்குப் போக வழியே இல்லை.

1. விழிப்புணர்வு குறைவு என்று எந்தத் தாளில் இருக்கிறது?

இந்தியச் சமூக மருத்துவத் துறைகளில் அலுக்காமல் எடுக்கப்படும் ஆய்வுத் தலைப்பு இது: ரத்த தானம் குறித்து மருத்துவ மாணவர்களின் அறிவு, மனப்பான்மை, நடைமுறை. கேள்வித்தாள் தயாராகும், சில நூறு பேரிடம் நிரப்பி வாங்கப்படும். முடிவு ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை. அறிவு நன்று, மனப்பான்மை மிக நன்று, கொடுத்தவர்கள்தான் குறைவு. இதுவரை குறைசொல்ல ஒன்றுமில்லை. கடைசிப் பத்தியில்தான் வேடிக்கை தொடங்கும்: 'எனவே மாணவர்களிடையே விழிப்புணர்வை அதிகரிக்க வேண்டும்.' விழிப்புணர்வுக்குக் குறைவில்லை என்று மூன்று பக்கம் முன்னால் அட்டவணை போட்டவரே அதையே மருந்தாக எழுதித் தருகிறார். சர்க்கரை சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த பிறகும் இன்சுலினைக் கூட்டும் டாக்டரை நாம் என்ன சொல்வோம்?

அதே கேள்வித்தாள்களில் 'ஏன் கொடுக்கவில்லை' என்றொரு கேள்வி இருக்கும். அதற்கு வரும் பதில்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பதில்கள் இவை: யாரும் கேட்கவில்லை. கேட்ட அன்று பரீட்சை. போனேன், எடை போதாது என்றார்கள். போனேன், ஹீமோகுளோபின் குறைவு என்றார்கள். வீட்டில் வேண்டாம் என்றார்கள். ஊசி என்றால் பயம். இந்தக் கடைசிப் பதிலைக் கண்டு சிரிப்பவர்கள் உண்டு. டாக்டராகப் போகிறவனுக்கு ஊசி பயமா என்று. அடுத்தவர் கையில் ஊசி போடுவதும், தன் கையில் ரத்தப் பையின் 16 கேஜ் ஊசி இறங்குவதும் ஒன்றல்ல என்பது ஒரு முறை படுத்துப் பார்த்தவருக்குத் தெரியும்.

இவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது 'யாரும் கேட்கவில்லை' என்பது. முகாமுக்குப் பேனர் வைப்பது கேட்பதாகாது. உன்னுடைய ரத்தக் குழு இது, சென்ற முறை கொடுத்து நான்கு மாதம் ஆகிறது, வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வர முடியுமா என்று ஒருவர் பெயர் சொல்லி அழைப்பதுதான் கேட்பது. முகாம்கள் காலை பத்து மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடிகின்றன. அந்த நேரத்தில் மாணவர் வார்டில் இருக்கிறார், அல்லது வகுப்பில். ரத்தம் கொடுக்க வேண்டுமென்றால் போஸ்டிங்கைக் கட் அடிக்க வேண்டும். கட் அடித்தால் அட்டெண்டன்ஸ் போகும். பிறகு 'வந்தால் அட்டெண்டன்ஸ் தருகிறோம்' என்பார்கள். தாங்களே வைத்த முட்டுக்கட்டையை எடுப்பதற்குச் சலுகை என்று பெயர்.

2. கொடுக்காதவர்களை எண்ணுகிறீர்கள், கொடுக்கக்கூடாதவர்களைக் கழித்தீர்களா?

நம் நாட்டு விதிப்படி கொடையாளருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். 350 மில்லிக்கு 45 கிலோ, 450 மில்லிக்கு 55 கிலோ எடை வேண்டும். ஹீமோகுளோபின் ஆணுக்கும் பெண்ணுக்கும் 12.5 கிராம். இரண்டு தானங்களுக்கு இடையே ஆணுக்கு 90 நாள், பெண்ணுக்கு 120 நாள் இடைவெளி. இப்போது வகுப்பறையைப் பாருங்கள். முதலாண்டில் சேரும்போது பதினேழு வயது முடிந்தவர்கள் உண்டு. பல கல்லூரிகளில் பாதி, அல்லது பாதிக்கு மேல் மாணவிகள்.

2019-21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53. இந்தக் கணக்கில் ரத்தசோகைக்கான எல்லைக்கோடு கர்ப்பிணியல்லாத பெண்களுக்கு 12 கிராம். ரத்த வங்கியின் எல்லைக்கோடு 12.5. ஆக, 12.2 உள்ள மாணவி பாடப்புத்தகத்தின்படி நலமானவர், முகாமில் திருப்பி அனுப்பப்படுபவர். மருத்துவ மாணவிகள் இந்தப் புள்ளிவிவரத்துக்கு வெளியே வாழ்வதில்லை. ஹாஸ்டல் மெஸ்ஸின் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு எட்டு மணி வகுப்புக்கு ஓடுகிறவர்கள் அவர்கள். சரிபாதி மாணவிகள் உள்ள 150 பேர் வகுப்பில், அந்த 75 பேரில் எத்தனை பேர் விதிப்படி படுக்கையில் ஏறலாம் என்று கணக்குப் போடாமலேயே 'இத்தனை பேர்தான் கொடுத்தார்கள்' என்று பழி போடுவது எந்தக் கணிதம்?

கொடுக்கத் தகுதியுள்ள மாணவியிடமும் நாம் பாதி உண்மையைத்தான் சொல்கிறோம். சிவப்பணுக்கள் சில வாரங்களில் ஊறிவிடும் என்பது சரி. ஆனால் 350 மில்லி ரத்தத்தோடு 150 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்தும் வெளியேறுகிறது. மாதந்தோறும் ரத்தம் இழக்கும், இருப்பு ஏற்கெனவே மெலிந்திருக்கும் உடலில் அந்த இரும்பு திரும்பச் சேர மாதக்கணக்காகும். முகாமில் பிஸ்கட் தருகிறார்கள், ஜூஸ் தருகிறார்கள், சான்றிதழ் தருகிறார்கள். ஒரு மாத இரும்புச்சத்து மாத்திரை தரும் முகாமைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இத்தனைக்கும் அது ஒன்றும் பெரிய செலவல்ல.

'காரணம் எழுதித் தர வேண்டும்' என்ற வரி இங்குதான் கொடுமையாகிறது. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுபவர், ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலில் இருப்பது தெரிந்தவர், அண்மையில் கருக்கலைந்தவர் ஆகிய மூவரும் எந்தக் காரணத்தை எந்த மேசையில் எழுதிக் கொடுப்பார்கள்? ரத்த வங்கியில் இந்தக் கேள்விகளைத் தனியே, தடுப்புக்குப் பின்னால் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. அதை வகுப்புப் பிரதிநிதி கையில் கொடுத்தனுப்பும் தாளாக மாற்றினால் இரண்டு நாளில் ஹாஸ்டல் முழுக்கத் தெரிந்துவிடும்.

3. அஞ்சிக் கொடுப்பவர் உண்மை சொல்ல மாட்டார்

எதிர்த்தரப்பின் கோட்டை இது: ரத்தம் எப்படி வந்தால் என்ன, எல்லாவற்றையும் சோதித்துத்தானே ஏற்றுகிறோம்?

சோதிக்கிறோம். எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிப்பது கட்டாயம். ஆனால் தொற்று உடலில் நுழைந்த நாளுக்கும் சோதனையில் தெரியவரும் நாளுக்கும் இடையே ஓர் இருட்டுக் காலம் உண்டு. சோதனை முறை நவீனமாக ஆக அந்தக் காலம் சுருங்கும், பூஜ்யமாகாது. அந்த இடைவெளியை அடைப்பது எந்திரமல்ல, கொடையாளரின் வாய்மொழி. 'கடந்த சில மாதங்களில்...' என்று தொடங்கும் கேள்விகளுக்கு அவர் உண்மையைச் சொல்ல வேண்டும். இன்று வேண்டாம் என்று சொல்வதால் எந்த இழப்பும் இல்லை என்ற நிலையில்தான் மனிதர் உண்மை சொல்வார். இழப்பு இருந்தால் 'எல்லாம் சரி, எடுங்கள்' என்பார். பாதுகாப்பான ரத்தத்தின் அடிப்படையே இந்த ஒரு மனித இயல்பில்தான் நிற்கிறது.

ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியல் அறிஞர் 1970-இல் வெளியிட்ட புத்தகத்தில் இதைத்தான் விரித்து எழுதினார். காசுக்கு ரத்தம் வாங்கிய அமெரிக்காவையும் இனாமாகப் பெற்ற பிரிட்டனையும் ஒப்பிட்டு, காசு புகுந்த இடத்தில் ரத்தம் கெடுகிறது என்று காட்டியவர் அவர். அந்த வாதம் எல்லோருக்கும் தெரியும். அவர் கொடையாளர்களை எட்டு வகையாகப் பிரித்தது பலருக்கு நினைவிருப்பதில்லை. அவற்றில் ஒரு வகை, அதிகாரத்தின் பிடியில் இருந்துகொண்டு தன்னார்வலர் என்று எண்ணப்படுபவர்கள். ராணுவ வீரர்களும் கைதிகளும் அதில் வருவார்கள். இன்டர்னல் மார்க் போடும் கையே முகாம் பட்டியலிலும் டிக் அடிக்கிறது என்றால் நம் மாணவர் எந்த வகை?

இந்தியா இந்தப் பாடத்தைக் காசு விஷயத்தில் கற்றுக்கொண்டது, அதுவும் நீதிமன்றம் ஏறித்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாட்டில் இருந்த 1,018 ரத்த வங்கிகளில் 616 உரிமமே இல்லாதவை. கூலிக்கு ரத்தம் விற்றவர்களே பல வங்கிகளின் வாடிக்கைக் கொடையாளர்கள். காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஜனவரி 4-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் ரத்தத்தைக் காசுக்கு வாங்குவது ஒழிந்தது. வறியவரின் ரத்தம் தாழ்ந்தது என்று யாரும் சொல்லவில்லை. அன்றைய சோற்றுக்கு அந்தக் காசு வேண்டும் என்பவர் மஞ்சள் காமாலை வந்ததை மறைப்பார் என்பதுதான் சிக்கல். காசு இருந்த இடத்தில் அட்டெண்டன்ஸை வையுங்கள், என்ன மாறுகிறது? 75 விழுக்காட்டுக்கு இரண்டு நாள் குறையும் மாணவருக்கு அது காசைவிடப் பெரிது.

சோதனை காப்பாற்றிவிடும் என்பவர்கள் 2018 டிசம்பரில் விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததை நினைத்துப்பார்க்க வேண்டும். உறவினர் ஒருவருக்காக இளைஞர் ஒருவர் சிவகாசி அரசு மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தார். அது அந்த உறவினருக்குத் தேவைப்படவில்லை. சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. இருந்ததைச் சோதனை தவறவிட்டிருந்தது. வெளிநாட்டு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் தன் நிலை தெரிந்ததும் அந்த இளைஞரே ஓடிவந்து சொன்னார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு முகாமில் அவர் கொடுத்த ரத்தத்திலேயே தொற்று கண்டறியப்பட்டிருந்தது, அந்தச் செய்தி அவரைச் சென்று சேரவில்லை என்பதும் பிறகு வெளிவந்தது. சில நாள்களில் அவர் தன்னை மாய்த்துக்கொண்டார். அந்தப் பிள்ளை மீது ஒரு குற்றமும் சொல்ல முடியாது. அமைப்பு இரண்டு முறை தவறிய இடத்தில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான். கொடையாளரின் நாணயத்தை நம்பித்தான் எல்லாம் நடக்கிறது என்பதற்கும், முகாமில் எண்ணிக்கை எடுக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட முடிவைத் தெரிவிப்பதில் நாம் காட்டுவதில்லை என்பதற்கும் இதைவிட வேதனையான சான்று வேண்டாம்.

மருத்துவ வளாகத்துக்கே உரிய ஓர் ஆபத்தும் இருக்கிறது. ஹவுஸ் சர்ஜன்களுக்கும் (பயிற்சி மருத்துவர்கள்) பி.ஜி.க்களுக்கும் (பட்ட மேற்படிப்பு மாணவர்கள்) பயன்படுத்திய ஊசி கையில் குத்துவது அபூர்வ நிகழ்ச்சி அல்ல. அப்படிக் குத்துப்பட்டவர் நீண்ட காலம் ரத்தம் கொடுக்கலாகாது. ஆனால் அதை வெளியே சொல்பவர் குறைவு. சொன்னால் கவனக்குறைவு என்று திட்டு விழும், ரிப்போர்ட் எழுத வேண்டும், மாத்திரை சாப்பிட வேண்டும் என்று மறைத்துவிடுவார்கள். மறைத்தவரை யூனிட் தலைவரே 'வாப்பா, நீ கொடுக்காமல் யார் கொடுப்பது' என்று முகாமுக்கு அழைத்துப்போகிறார். அவர் என்ன சொல்லித் தப்பிப்பார்?

4. விதிப்புத்தகத்தைத் திறந்து பார்த்தீர்களா?

நீளமாகச் சொல்ல இதில் ஒன்றுமில்லை. இரவுப் பணி பார்த்துவிட்டுப் போதிய தூக்கமில்லாமல் இருப்பவர் ரத்தம் கொடுக்கக்கூடாது என்று நம் விதிகளே சொல்கின்றன. அவசரச் சேவைப் பணியில் இருப்பவர் அடுத்த பணி தொடங்க 24 மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கும்போது கொடுக்கக்கூடாது என்றும் சொல்கின்றன. காஷுவாலிட்டியில் இரவு முழுக்க நின்றுவிட்டு, காலையில் ரவுண்ட்ஸ் முடித்து, மதியம் மறுபடி வார்டுக்குப் போகும் ஹவுஸ் சர்ஜனைவிட இந்த இரண்டு வரிகளுக்கும் பொருத்தமான ஆள் இருக்கிறாரா? கட்டாயப்படுத்துபவர்கள் விதியை மீறச் சொல்லித்தான் கட்டாயப்படுத்துகிறார்கள்.

5. கட்டாயம் பழக்கமாகுமாம்

ஆகாது. முதல் முறை கொடுப்பவர், இளையவர், எடை குறைந்தவர், பெண் என்ற நான்கும் சேருமிடத்தில்தான் மயக்கம் அதிகம் வருகிறது. ரத்த வங்கித் துறையில் இது பழைய பாடம். முதல் தானத்தில் மயங்கி விழுந்தவர் மறுபடி வருவது குறைவு என்பதும் அதே பாடத்தின் அடுத்த வரி. பயத்தோடும் காலி வயிற்றோடும் வரிசையில் நிறுத்தப்பட்ட பத்தொன்பது வயதுப் பெண், நாற்பது வகுப்புத் தோழர்கள் பார்க்க விழுந்து எழுந்தால் அவர் மட்டும் அல்ல, வரிசையில் பின்னால் நின்றவர்களும் போய்விடுவார்கள். ரத்த வங்கிக்கு வேண்டியவர் ஒரு முறை வருபவர் அல்ல. தன் குழுவும் தன் உடலும் தெரிந்து, ஆண்டுக்கு இரண்டு முறையோ மூன்று முறையோ பத்தாண்டு வருபவர்தான் அதற்கு வேண்டும். அப்படிப்பட்டவரின் ரத்தம் ஒவ்வொரு முறையும் சோதிக்கப்பட்டுக்கொண்டே இருப்பதால் அது பாதுகாப்பானதும்கூட. கட்டாய முகாம் அவரை இருபது வயதிலேயே இழக்கிறது.

6. 'ஆபத்துக்கு அவர்கள்தானே பக்கத்தில்?'

உருக்கமான வாதம் இது. யாரும் எதிர்த்துப் பேசத் துணிவதில்லை. இரவு இரண்டு மணி, லேபர் வார்டில் ரத்தம் கொட்டுகிறது, வங்கியில் அந்தக் குழு இல்லை. எதிரே ஹாஸ்டல்.

அந்த இரவில் என்ன நடக்கும் என்று படிப்படியாகப் பாருங்கள். மாணவரை எழுப்பி வர வேண்டும், கேள்விகள் கேட்க வேண்டும், எடுக்க வேண்டும், ஐந்து சோதனைகளும் முடிய வேண்டும், பொருத்தம் பார்க்க வேண்டும். சில மணி நேரம் போய்விடும். கொட்டிக்கொண்டிருப்பவருக்கு அந்த மணி நேரங்கள் கிடையாது. அவரைக் காப்பாற்றுவது போன வாரம் யாரோ கொடுத்து, சோதித்து, குளிர்பெட்டியில் வைக்கப்பட்டிருக்கும் யூனிட்தான். இரவு இரண்டு மணிக்கு ஹாஸ்டல் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது என்பதே பகலில் வங்கி தன் வேலையைச் செய்யவில்லை என்பதற்கு அடையாளம்.

எண்ணிக்கையும் இந்த வாதத்துக்குக் கைகொடுக்காது. ஆண்டுக்கு 150 இடங்கள் கொண்ட கல்லூரியில் ஹவுஸ் சர்ஜன்களையும் சேர்த்தால் சுமார் 750 பேர். எவரும் விலக்கப்படாமல் அத்தனை பேரும் ஆண்டுக்கு ஒரு முறை கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மருத்துவமனை நாளொன்றுக்கு 30 யூனிட் செலவழிக்கிறது என்றால் 25 நாளில் தீர்ந்துவிடும். மீதி 340 நாளுக்கு ஊர்தான் கொடுக்க வேண்டும். சேமித்து வைக்கவும் முடியாது: சிவப்பணுக்கள் வேதிக்கலவையைப் பொறுத்து 35 அல்லது 42 நாள், தட்டணுக்கள் ஐந்தே நாள். ஒரே நாளில் இருநூறு பேரைப் படுக்கவைத்துப் பத்திரிகைக்குப் படம் கொடுக்கும் பெருமுகாமின் தட்டணுக்கள் அந்த ஐந்து நாளுக்குள் பயன்படாவிட்டால் வீண். மே மாத விடுமுறையில் கல்லூரிகள் மூடியதும் வங்கிகள் காய்வதற்கும் இதுவே காரணம். மாணவரையே நம்பிய ஏற்பாடு மாணவர் ஊருக்குப் போனதும் நின்றுபோகிறது.

7. மருத்துவ மாணவர்கள் மீது எனக்கும் ஒரு குற்றச்சாட்டு உண்டு

அது வேறு குற்றச்சாட்டு. அவர்கள் கை நீட்டாததைப் பற்றியதல்ல, பேனாவைப் பிடிக்கும் விதத்தைப் பற்றியது.

ஹவுஸ் சர்ஜன் ஆன முதல் வாரத்திலேயே ஒருவர் கற்றுக்கொள்ளும் வசனம்: 'ரெண்டு டோனர் கூட்டிட்டு வாங்க, அப்பதான் ரத்தம் கிடைக்கும்.' எதிரே நிற்பவர் திட்டக்குடியிலிருந்தோ பென்னாகரத்திலிருந்தோ பஸ் ஏறி வந்த, நோயாளியின் அட்டெண்டர். அவருக்கு நகரத்தில் ஒருவரையும் தெரியாது. மச்சானுக்குப் போன் போடுவார், ஊர்த் தலைவருக்குப் போன் போடுவார், கடைசியில் மருத்துவமனை வாசல் டீக்கடையில் 'ஆள் இருக்கு, ஆனா செலவாகும்' என்பவரிடம் போய்ச் சேருவார். 1998-இல் முன்வாசல் வழியாக வெளியேற்றப்பட்ட கூலிக் கொடையாளர் 'பேஷன்டோட சித்தப்பா பையன்' என்ற பெயரில் பின்வாசலால் வருவது இப்படித்தான். 2002-இல் வந்த தேசிய ரத்தக் கொள்கை தன்னார்வக் கொடையை நோக்கிப் போகச் சொல்கிறது. அந்தக் கொள்கையைப் பரீட்சையில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியவரே வார்டில் உறவினரை விரட்டுகிறார். அவருக்கு அப்படிச் செய்யக் கற்றுத்தந்தது அவருடைய பி.ஜி. அந்த பி.ஜி.க்குக் கற்றுத்தந்தவர் இன்று மேடையில் அமர்ந்து 'மாணவர்களே, ரத்தம் கொடுங்கள்' என்கிறார்.

அடுத்தது ரத்தம் கேட்டு எழுதும் சீட்டு. ஹீமோகுளோபின் எட்டு இருக்கிறது, ஆபரேஷனுக்கு முன் ஒன்று ஏற்றிவிடலாம் என்று எழுதப்படும் யூனிட்டுகள் எத்தனை? கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 838 பேரை வைத்து நடத்திய ஆய்வு 1999-இல் வெளிவந்தது. ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இறங்கியதும் ரத்தம் ஏற்றிய குழுவையும், 7-க்குக் கீழே இறங்கும்வரை பொறுத்த குழுவையும் ஒப்பிட்டார்கள். பொறுத்தவர்கள் கூடுதலாக இறக்கவில்லை. இதயநோய் போன்ற விலக்குகள் உண்டு. எல்லோருக்கும் ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்க முடியாது. ஆனாலும் 'ஒரு யூனிட் போட்டு வைப்போம்' என்ற வார்டுப் பழக்கத்துக்கு அறிவியலில் இடமில்லை என்பது தெளிவாகி கால் நூற்றாண்டு ஆகிறது. கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலேயே ரத்தசோகையைப் பிடித்து இரும்புச்சத்து கொடுத்திருந்தால் பிரசவ நாளில் தேவைப்பட்டிராத யூனிட்டுகளும் இதே கணக்கில் சேரும். ஒரு மாணவர் படிப்புக் காலத்தில் தன் கையிலிருந்து பத்துப் பதினைந்து யூனிட் தரலாம். முப்பது ஆண்டு சேவையில் தேவையற்ற சீட்டு எழுதாமலிருந்து அவர் மிச்சப்படுத்தக் கூடியது அதைப்போல் பல மடங்கு. அதைப் பற்றிச் சொல்ல எந்த விருந்தினரையும் அழைத்ததாக நினைவில்லை.

மாணவர் என்றால் நாம் ஒரு ஜோடி கைகளை மட்டும் பார்க்கிறோமே, அதற்கு மறுப்பாகச் சென்னையிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்ட மேற்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, தன் ஆசிரியர் சுனிதி சாலமன் யோசனைப்படி ஆய்வுக்காக ரத்த மாதிரிகள் சேகரித்தார். சென்னையில் அப்போது அந்தச் சோதனைக்கு வசதி இல்லை. மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போனார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்பது 1986-இல் அப்படித்தான் தெரியவந்தது. நம் ரத்த வங்கிகளில் அந்தக் கிருமிக்கான சோதனை கட்டாயமானது அதற்குப் பிறகுதான். இந்நாட்டு ரத்தத்தின் பாதுகாப்புக்கு ஒரு மருத்துவ மாணவர் செய்த ஆகப் பெரிய காரியம் இது. எந்த முகாமும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

அப்படியானால் மாணவர்கள் ரத்தமே கொடுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். கொடுக்கட்டும், நிறையக் கொடுக்கட்டும். அட்டெண்டன்ஸ் பட்டியலோ மார்க்கோ பேட்ச் வாரியான இலக்கோ இல்லாமல் கொடுக்கட்டும். வங்கி மாலை ஏழு மணிவரை திறந்திருக்கட்டும். மாணவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை ஹீமோகுளோபின் பார்த்து, குறைந்தவருக்கு மாத்திரை கொடுங்கள். ரத்தம் எடுப்பது அப்புறம். படுக்கையில் ஏறியவரும், எடுத்து முடித்த பிறகுகூட, 'என் ரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்' என்று யாருக்கும் தெரியாமல் சொல்லிவிட்டுப் போக வழி வையுங்கள். சோதனையில் ஏதேனும் தெரிந்தால் அவரை நேரில் அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு சொல்ல ஓர் ஆளை நியமியுங்கள். ஆர்.ஆர்.சி. என்ற செஞ்சுருள் சங்கமும் என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டமும் பேனர் எழுதுவதை விட்டு, குழு வாரியாகப் பெயரும் கடைசியாகக் கொடுத்த தேதியும் கொண்ட ஒரு பதிவேட்டை நடத்தட்டும். வளாகத்தோடு நிற்காமல் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களும் அதில் ஏறட்டும். அதை நடத்தும் மாணவருக்கு ரத்த வங்கி எப்படி இயங்குகிறது என்று தெரிந்துவிடும். நாளை அவர் கையில் பேனா வரும்போது அது உதவும்.

இப்படிச் செய்தால் முதல் ஆண்டு எண்ணிக்கை விழும் என்பார்கள். விழும். ஆண்டறிக்கையில் எழுத அது நன்றாக இருக்காது. ஆனால் அடுத்த மே மாதம் ஹாஸ்டல் பூட்டிக் கிடக்கும்போது, யாரைக் கூப்பிடுவது என்று வங்கிக்குத் தெரிந்திருக்கும்.